சாம்பல் நிறக் குரல்

தண்ணீர் பாட்டிலின் மூடி எங்கே என்பதுதான் அவள் அன்று காலை என்னிடம் கடைசியாகக் கேட்டது. பாட்டில் சமையல் மேடையில் இருந்தது, மூடியைக் காணவில்லை. நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாயில் நுரையோடு பாத்திரம் கழுவும் தொட்டியைக் கையால் காட்டினேன். போய்ப் பார்த்தாள், மூடி அங்கேதான் கிடந்தது. கழுவித் துடைத்துத் திருகி, இறுகிவிட்டதா என்று பாட்டிலை ஒரு முறை தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு நான் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தத்தை அடைக்கும் காது மூடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள். திரும்பி வரவில்லை.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்று நீங்கள் கேட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்குச் சொந்தமாக ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. முன்னறையில் ஃபிரேம்கள், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு நாற்காலிகள். பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் மெஷின், அதன் பக்கத்தில் சாயத் தொட்டிகள். கறுப்புக் கண்ணாடி என்று மக்கள் பொதுவாகச் சொல்வதெல்லாம் கறுப்பு இல்லை. பிளாஸ்டிக் லென்ஸைக் கொதிக்கும் பதத்தில் இருக்கும் சாயத்தில் முக்கி எடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் முக்குகிறோமோ அவ்வளவு நிறம் ஏறும். பொறுமை இல்லாதவர்கள் செய்தால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நான் செய்த லென்ஸில் ஒரு திட்டு இருந்தது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

அவளை முதலில் கடைக்கு அழைத்து வந்தவர் அவளுடைய அக்கா. இப்போது நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். ஒரு கம்பெனியில் நாள் முழுவதும் தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை அவருக்கு. தங்கைக்கு வெயில் வெளிச்சம் ஆகவில்லை, கண் கூசித் தெருவில் நடக்க முடியவில்லை, ஏதாவது கண்ணாடி வேண்டும் என்றார். பின்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள். நான் போய் மெஷினை நிறுத்திவிட்டு வந்து, சாம்பல் நிற லென்ஸ் போடலாம், அது வெளிச்சத்தை மட்டும்தான் குறைக்கும், எந்த நிறத்தையும் மாற்றாது என்று விளக்கினேன். எல்லோரிடமும் சொல்வதுதான். அவள் கையை எடுத்துவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

"உங்க குரலும் சாம்பல்தான்," என்றாள்.

அண்ணிக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏய் பூதம், வாயை மூடு. போற இடமெல்லாம் ஆளுக்கு ஆள் பெயின்ட் அடிச்சுக்கிட்டு." பிறகு என்னிடம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க. பூதக்கண்ணாடின்னு பேர் வச்சு, அது சுருங்கிப் பூதமாயிடுச்சு. எதையும் சின்னதா விட மாட்டா," என்றார்.

"நான் பொய் சொல்லல," என்றாள் தங்கை.

"அதுதான்டி பிரச்சனையே," என்றார் அண்ணி.

எனக்கு அன்று சிரிப்பு வந்தது. ஒரு வருடத்துக்குள் எங்கள் திருமணம் நடந்தது.

அவளுக்கு ஆட்டிசக் கூறுகள் இருப்பதாக ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். சிறு வயதில் யாரும் கண்டுபிடிக்கவில்லை, வளர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒலி கேட்டால் நிறம் தெரிவது வேறொன்று. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது சற்று அதிகமாகவே காணப்படுகிறது, ஏன் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று அந்த மருத்துவரே என்னிடம் சொன்னார். நான் படித்தும் தெரிந்துகொண்டேன். நம் கண் தேவையில்லாததை நமக்குத் தெரியாமலேயே தள்ளிவிடுகிறது. அவளுடைய கண் எதையும் தள்ளாது. புதுச் சட்டையில் ஒரு தையல் மட்டும் மற்றதைவிட நீளமாக இருக்கிறது என்று அவள் சொன்னால் இருக்கும். எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்த டியூப் லைட் துடிக்கிறது என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மாற்றினேன். அடுத்த வாரம் பக்கத்து வீட்டில் அதே ரக லைட் கருகி நின்றுபோனது, எங்களுடையதை வாங்கிய அன்றே அவர்களுக்கும் சேர்த்து வாங்கிக் கொடுத்தது அது.

ஆனால் முகங்கள் அவளுக்குப் பிடிபடாது. ஒரு முறை கடைத்தெருவில் நான் எதிரே வந்தேன். என்னைக் கடந்து போய்விட்டாள். வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"நீங்க பேசலயே," என்றாள். "பேசியிருந்தா தெரிஞ்சிருக்கும்."

கணவனைக் குரலால் மட்டுமே அடையாளம் தெரிந்துகொள்ளும் மனைவி. அன்று அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிற்பாடுதான், அப்படியானால் என்னிடம் அவளுக்கு வேறென்னதான் தெரியும் என்று யோசித்தேன்.

வீட்டுக்கும் அவள் வேலை பார்த்த அச்சகத்துக்கும் நடுவில் சரக்கு ரயில் பாதை ஒன்று போகிறது. நடந்து கடக்கிறவர்களுக்கென்று ஒரு வழி விட்டிருக்கிறார்கள். கதவு இல்லை. ஒரு மணியும் ஒரு சிவப்பு விளக்கும் மட்டும். ஒரு பக்கம் கிடங்குச் சுவர், அந்தப் பக்கத்திலிருந்து வரும் ரயில் கிட்டே வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். அந்த மணிச் சத்தம் அவளைக் குருடாக்கிவிடும். ஆயிரம் வெள்ளை ஊசிகள் கண்முன்னால் கொட்டுவது போல என்று சொல்வாள். அதனால் பாதைக்கு முன்பே காது மூடியைப் போட்டுக்கொள்வாள். இரண்டு பக்கமும் பார்த்துக் கடக்கவும் அவளால் முடியாது. சுவர், கம்பி, சரளைக்கல், புல் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் வந்து இடித்துக்கொள்ளும், எது ரயில் என்று பிரிப்பதற்குள் நேரம் போய்விடும்.

ஆகவே திருமணமான புதிதில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு விதி வைத்தோம். வேறு எதையும் பார்க்காதே, விளக்கை மட்டும் பார். சிவப்பு எரிந்தால் நில். எரியாவிட்டால் நட. அவள் பழகும்வரை நானே காலையும் மாலையும் கூடப் போய் நின்றேன். விதி என்று ஒன்று கொடுத்துவிட்டால் அவள் அதை மீற மாட்டாள். மழை கொட்டினாலும், தெருவில் எல்லோரும் ஓடினாலும், விளக்கு எரிந்தால் நிற்பாள். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் பிறகு வருவது எளிதாகப் புரியும்.

அச்சகத்தில் அட்டைப்பெட்டிகளுக்கு நிறம் சரிபார்ப்பது அவள் வேலை. அதற்கென்று ஒரே சீரான வெளிச்சம் உள்ள சிறிய அறை உண்டு. அங்கே கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அவளுக்குப் பிடித்த வேலை. மாலையில் சாப்பிடும்போது யார் யார் பேசினார்கள், என்ன நிறம் என்று நான் கேட்பேன். முதலில் அது ஒரு விளையாட்டு மாதிரிதான் இருந்தது.

"மெஷின்காரர் இன்னிக்கு ரொம்ப நேரம் பேசினார்," என்றாள் ஒரு நாள். அச்சு மெஷின் ஓட்டப் புதிதாக வேலைக்கு வந்திருந்த ஆள்.

"அவர் குரல் என்ன நிறம்?"

"நீலம். ஓரத்துல வெள்ளி மாதிரி மின்னும். அவ்வளவு அழகு. அந்த நீலத்த எங்ககிட்ட இருக்கற எந்த மையைக் கலந்தாலும் கொண்டுவர முடியாது."

"என்னுது?"

"உங்களுது சாம்பல்தான். உங்களுக்குத் தெரியுமே."

"என்ன மாதிரி சாம்பல்?"

சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். அவள் எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் பதில் சொல்ல மாட்டாள். "சிமென்ட்டு. ஈரமா இருக்கும்போது."

"அழகா இருக்குமா?"

"அழகுன்னு சொல்ல முடியாது. கண்ணத் தொறந்து வச்சுக்கலாம்."

நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினேன். கோபம் எதுவும் வரவில்லை. ஆனால் ஒரு மனிதன் தன் மனைவியிடம் அழகா என்று கேட்டு, இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டால், அது எங்கேயாவது போய்த் தங்கத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு நான் தினமும் கேட்டேன். மறைமுகமாகக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மறைக்கத் தெரியாதவளிடம் துப்பறிவது போல் அலுப்பான வேலை வேறில்லை. இன்றைக்கு மெஷின்காரர் பேசினாரா? பேசினார். எவ்வளவு நேரம்? ஒரு கட்டு ஷீட் ஓடி முடியும்வரை. நீ என்ன செய்தாய்? கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம்?

"அப்புறம் போய் முகம் கழுவிட்டு வந்தேன்."

"எதுக்கு?"

"எப்பவும் அவர் பேசி முடிச்சா முகம் கழுவுவேன்."

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒரு ஆள் பேசி முடித்ததும் ஒரு பெண் போய் முகம் கழுவிக்கொள்கிறாள். தினமும். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்பதுதான் காரணம்.

அந்தக் குரலை நானும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு வாடிக்கையாளர் போல அச்சகத்துக்கு ஃபோன் செய்தேன். அவனே எடுத்தான். "எந்தப் பெட்டிங்க? மெஷின் ஓடுது, சத்தமா சொல்லுங்க. யோவ், அந்தக் கதவைச் சாத்துப்பா," என்று யாரையோ அதட்டினான். சாதாரணக் குரல். அதில் நீலமும் இல்லை, வெள்ளியும் இல்லை. எனக்குக் கேட்காத ஒன்று அவளுக்கு அதில் கேட்கிறது, எனக்குத் தெரியாத ஒரு அறையில் அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற எண்ணம் அப்போதுதான் உறுதியானது.

குரலை மாற்றிப் பார்க்கலாம் என்று பின்னறையில் பழகினேன். சற்று உயர்த்தி, சற்று இழுத்து. ஒரு மாலை அந்தக் குரலில் அவளிடம் பேசினேன்.

"என்னாச்சு, சளியா?" என்றாள்.

"இல்லையே. நல்லாத்தான் இருக்கேன்."

"பச்சையா வருது. பாசி பிடிச்ச மாதிரி." அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது குறைவு. "வேணாம்ங்க, பழசுக்கே வந்துடுங்க. சிமென்ட்டே போதும்."

போதும் என்றாள். அந்த வார்த்தையை நான் வெகுநாள் வைத்துப் புரட்டிப் பார்த்தேன்.

பிறகு நான் செய்தது என் தொழிலுக்கு உட்பட்ட ஒன்று. நீலத்தை வெட்டும் லென்ஸ் உண்டு, தேன் நிறத்தில் இருக்கும். அதைப் போட்டால் நீல நிறப் பொருள்கள் மங்கிக் கருத்துத் தெரியும். அவளுக்கு அப்படி ஒரு கண்ணாடி செய்து கொடுத்தேன். வெளிச்சத்துக்கு இது இன்னும் இதம் என்றேன். சில நாள் போட்டுப் பார்த்தாள்.

"மெஷின்காரர் குரல் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அப்படியேதான் இருக்கு."

"நீலம் குறையலயா?"

"கண்ணாடி எப்படிங்க குறைக்கும்? அது வெளியிலிருந்து வர்றது இல்லையே." கையை முகத்துக்கு எதிரே ஒரு முழம் நீட்டிக் காட்டினாள். "இங்க இருக்கும். கண்ண மூடினாலும் இருக்கும்."

கண்ணை மூடினாலும் இருக்கும். படுக்கையில் என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கும்போதும் இருக்கும். அவளாகவே சொன்னது இது, நான் சேர்த்துச் சொல்லவில்லை.

தேன் நிற லென்ஸைக் கழற்றிவிட்டு, அவளுடைய பழைய சாம்பல் லென்ஸ்களைப் பச்சையும் நீலமும் கலந்த சாயத்தில் முக்கத் தொடங்கினேன். அந்தச் சாயம் சிவப்பைத் தின்றுவிடும். தெருவில் போகிறவர்களுக்கு அந்த நிறத்தில் ஆழமாகச் சாயம் ஏற்றிக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சிக்னல் விளக்கு தெரியாமல் போகும். ஆகவே நான் ஒரேயடியாக ஏற்றவில்லை. கொஞ்சம் முக்கிக் கொடுப்பேன். கண் பழகியதும் துடைத்துத் தருகிறேன் என்று வாங்கி இன்னும் கொஞ்சம் முக்குவேன். அவளுக்கு எப்போதும் இரண்டு ஜோடி செய்து கொடுப்பேன், இரண்டிலும் ஒரே அளவு. மிகவும் சீரான வேலை. ஒரு திட்டுக்கூட விழவில்லை.

அவள் கவனிக்காமல் இருப்பாளா? முதல் தடவையே கவனித்தாள்.

"சிவப்பு குறைஞ்சுக்கிட்டே வருது," என்றாள். "வேலையில கழட்டினா சிவப்பெல்லாம் கத்துது."

"கண்ணு ஓய்வெடுக்குது. அதான் கழட்டினதும் கூடுதலாத் தெரியுது. கண்ணுக்கு நல்லது."

"நல்லதா?"

"நல்லது."

அவள் நம்பினாள். சிறு வயதிலிருந்து அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் இல்லை இல்லை என்றே மற்றவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். லைட் துடிக்கவில்லை, சட்டை குத்தவில்லை, குரலுக்கு நிறம் கிடையாது. தன் கண்ணைவிட மற்றவர் சொல்லை நம்பி நடப்பதுதான் ஒழுங்கு என்று பழகிவிட்டாள். அதை நான் பயன்படுத்திக்கொண்டேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு நாள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பாதையில லைட்டு ரொம்ப மங்கலா இருக்கு. இன்னும் கறுத்தா தெரியாமப் போயிடுமா?"

"தெரியும். நானே அதைப் போட்டுக்கிட்டுப் போய் நின்னு பார்த்துட்டேன்."

அதில் பாதி உண்மை. போட்டுக்கொண்டு போய் நின்று பார்த்திருந்தேன். கடைசியாக முக்கவிருந்த அளவுக்கு ஒரு மாதிரி லென்ஸ் செய்து, மணி அடிக்கும்போது அந்த இடத்தில் நின்றேன். விளக்கு இருந்த இடத்தில் ஒரு கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது.

நான் பதில் சொன்னதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகத்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி, காற்றில் ஒரு இடத்தைப் பார்த்தாள். என் குரலை. அதில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடினாள் என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி," என்றாள். கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று இரண்டு ஜோடியையும் கடைசித் தடவையாக முக்கினேன்.

மற்றவை உங்கள் கோப்பில் இருக்கின்றன. அவள் ஓடவில்லை, தயங்கவும் இல்லை, ஆளில்லாத தெருவில் நடப்பது போல நடந்து வந்தாள் என்று ரயில் ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். எல்லோரும் காது மூடியைக் குறை சொன்னார்கள். நானும் சொன்னேன். பாதையில் அதைப் போடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியும் கேட்கவில்லை என்று உங்களிடம்தான் சொன்னேன். நான் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை. கண்ணாடி நொறுங்கிவிட்டிருந்தது. சில்லுகளை நானே பொறுக்கினேன். உங்கள் காவலர் ஒருவர் கையை வெட்டிவிடப் போகிறது என்று சொல்லித் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். நல்ல மனிதர்.

இரண்டாவது ஜோடியை வீடு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. அவளுடைய பையில் இருந்திருக்கும், அதோடு போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அவள் ஒரு ஜோடியை வீட்டிலும் ஒரு ஜோடியை அச்சகத்து மேசை இழுப்பறையிலும் வைக்கிறவள் என்பது எனக்குத் தெரியாது. நான் மெஷின்காரனைப் பற்றி மட்டும்தான் கேட்டேனே தவிர, இழுப்பறையில் என்ன வைத்திருக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அவளுடைய சாமான்களை அச்சகத்திலிருந்து அவன்தான் எடுத்து வந்திருக்கிறான். என்னிடம் வரவில்லை, அண்ணியிடம் போய்க் கொடுத்திருக்கிறான்.

நேற்று மதியம் அண்ணி கடைக்கு வந்தார். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். நான் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"மெஷினை நிறுத்துங்க தம்பி," என்றார்.

நிறுத்தினேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணாடியைக் கழற்றவில்லை.

"பாதையக் கடந்துதான் வந்தேன். மணி அடிச்சது, நின்னேன். லைட்டப் பார்த்தா எரியல. கண்ணாடியைத் தூக்கினேன், எரியுது. இறக்கினேன், எரியல. ரயில் போற வரைக்கும் தூக்கித் தூக்கி இறக்கிட்டு நின்னேன். பின்னாடி ஒருத்தர் என்னம்மா கண்ணுல தூசியான்னு கேட்டார்."

"அவளுக்கு வெளிச்சம் ஆகாது அண்ணி. அதுக்காகக் கொஞ்சம் அழுத்தமா..."

"அதுக்குச் சாம்பல் லென்ஸ் போதும்னு இதே நாற்காலி பக்கத்துல நின்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த மெஷின்காரர் வந்து அப்படி அழுதார். அவ அவர்கிட்ட என்ன சொல்லியிருக்கா தெரியுமா? அண்ணே, உங்க குரல் ரொம்ப அழகு, அதனால தயவுசெஞ்சு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாதீங்கன்னு. தலை பிளக்குமாம். அவர் பேசிட்டா ஓடிப்போய் முகம் கழுவிட்டு வருவாளாம். அந்த மனுஷன் பாவம், கடைசியில கை ஜாடையிலதான் வேலை சொல்லியிருக்கார். உங்க தங்கச்சி எனக்கு ஊமை வேஷம் போட்டுட்டாங்கன்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே அழறார்."

இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அழகா என்று மட்டும்தான் நான் கேட்டேன்.

"உங்களை ஏன் கட்டிக்கிட்டான்னு நான் அவகிட்ட கேட்டிருக்கேன்," என்றார் அண்ணி. "ஊரெல்லாம் கலர் அடிச்சு என் கண்ணைக் குத்துது அக்கா, அவர் ஒருத்தர் பேசறப்பதான் எனக்கு நிழல்ல உக்காந்த மாதிரி இருக்குன்னா."

தெருவில் யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். எனக்கும் தெரியும் தம்பி."

"என்ன தெரியும்?"

"குரல். எனக்கும் நிறம் உண்டு. சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் அடிச்சுக்குவோம். அப்பா குரல் அவளுக்குக் காவி, எனக்கு ஊதா. காவிடி, இல்லடி ஊதாடின்னு தலைமுடியப் பிடிச்சு இழுத்துக்குவோம். நாலு பேர் சிரிச்சதும் நான் வாயை மூடிக்கிட்டேன். அவளுக்கு மூடத் தெரியல." மேசையில் இருந்த கண்ணாடியைச் சற்று நேராக நகர்த்தினார். "அப்பா போன அன்னிக்கு அம்மாவோட குரல் நிறமே மாறிடுச்சு. திரும்பி வர வெகுநாள் ஆச்சு. என் வேலையில தினம் எத்தனை பேர் குரலக் கேக்கறேன். வீட்டுல சாவு விழுந்தவங்க பேர் சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சுடும். அன்னிக்கு நீங்க ஃபோன் பண்ணி, அவ போயிட்டா அண்ணின்னு சொன்னீங்க. நான் அழல. ஏன் தெரியுமா? நான் நம்பவே இல்ல. இந்த நிறத்துல அப்படி ஒரு சேதி வராதுன்னு நினைச்சேன்."

"அதிர்ச்சியில சிலருக்கு அப்படி..."

"இருக்கலாம். அதனாலதான் இத்தனை நாள் பேசாம இருந்தேன். இப்ப ஒரு தரம் சொல்லுங்க. என்ன செஞ்சீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க."

சொன்னேன். சாயம் என்ன, எத்தனை தடவை முக்கினேன், லைட்டு தெரியும் என்று அவளிடம் எப்படிச் சொன்னேன், எல்லாம். கடைசியில், நான்தான் அவளைக் கொன்றேன் அண்ணி என்றும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் கண்ணைத் திறக்கவில்லை.

"அவளுக்குத்தான் நீங்க சிமென்ட்டு," என்றார். "எனக்குச் சுண்ணாம்பு. கல்யாணத்தன்னிக்கு மைக்குல பேசினீங்களே, அதே சுண்ணாம்பு. ஒரு பொட்டு மாறல தம்பி."

பிறகு கண்ணாடியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு உங்கள் அலுவலகத்துக்கு நடந்தார். நானும் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வந்தேன். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

பேசினால் பதிவு செய்துகொள்கிறோம், உங்களுக்குச் சிரமம் குறையும் என்று சொன்னீர்கள். எழுதித் தருகிறேன் என்று நான் கேட்டது பிடிவாதத்தால் இல்லை. அந்தப் பதிவை அண்ணி கேட்பார். எழுத்து என்றால் எல்லோரும் ஒரே மாதிரிதான் படிக்க முடியும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியை நான் மிகவும் நேசித்தேன். அவள் இல்லாமல் என்னால் சாப்பிட முடியவில்லை. இதை நேற்று இந்த அறையில் தனியாக இருந்தபோது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு மூன்று முறை சொன்னேன். தடுமாற்றம் எதுவும் இல்லை, எல்லா முறையும் ஒரே மாதிரி வந்தது. என் தொண்டையின் வாகு அப்படி. பிறவியிலேயே.